மெதைல் முதல் பியூற்றைல் வரை: இரசாயனப் பெயரீடு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

கலைச்சொல் அட்டவணைகளை இலக்கிய விமரிசகர் வாசிப்பதில்லை. அவை துறைவல்லுநர்க்கும் பாடநூலாசிரியர்க்கும் உரியன என்று ஒதுக்கிவிடுவதே வழக்கமாக இருந்துவருகின்றது. கவிதையிலும் நாவலிலும் மொழி தொழிற்படும் முறையை வர்க்க உறவுகளோடு இணைத்து ஆராயப் பழகிய முற்போக்கு விமரிசனமும் இவ்விடயத்தில் விலகியே நின்றுள்ளது. ஆயின், ஒரு சமூகம் புறவுலகை எவ்வாறு அறிந்துகொள்கின்றது, அவ்வறிவு எவர் கைக்கு எட்டுகின்றது, எவர் கைக்கு எட்டாது போகின்றது என்னும் வினாக்கள் மொழியோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளன. அவ்வாறாயின் கலைச்சொல் அட்டவணையும் விமரிசனத்துக்குரிய பனுவலேயாகும்.

இக்கட்டுரை அத்தகைய பனுவலொன்றின் மிகச் சிறிய பகுதியை, அதாவது சேதன இரசாயனவியலில் அற்கைற் கூட்டங்களுக்கு வழங்கும் பெயர்களை, ஆராய முற்படுகின்றது. காபனும் ஐதரசனும் மட்டும் ஒற்றைப் பிணைப்புகளால் இணைந்த சேர்வை அற்கேன் எனப்படும். அதிலிருந்து ஓர் ஐதரசன் அணுவை நீக்கினால் எஞ்சும் கூறு அற்கைற் கூட்டமாகும். அற்கேனின் பெயரிறுதியிலுள்ள ‘ஏன்’ என்பது கெட, ‘ஐல்’ என்பது வந்து சேரும். மெதேன் மெதைல் ஆகும். எதேன் எதைல் ஆகும். புரொப்பேன் புரொப்பைல் ஆகும். பியூற்றேன் பியூற்றைல் ஆகும். பகுதியும் விகுதியும் புணர்ந்து சொல் ஆகும் முறையை அறிந்த தமிழ் மாணவருக்கு இது புதிதன்று.

இவ்வரிசையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இப்பெயர்களுள் எதுவும் தனித்து நின்று பொருள் தருவதில்லை. ஒன்றற்கும் அடுத்ததற்கும் உள்ள உறவே இவற்றின் பொருள். ஆகவே, தமிழில் இவை எழுதப்பட்ட முறைகளை மதிப்பிடுவதற்கு ‘தூய தமிழா, கடன் தமிழா’ என்னும் பழைய வாதத்தைக் காட்டிலும் உறுதியான அளவுகோலொன்று இங்கு கிடைக்கின்றது. பெயர் உறவைக் காட்டுகின்றதா, மறைக்கின்றதா என்பதே அது.

2

இப்பெயர்கள் ஐரோப்பாவில் தோன்றிய வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும். இன்று முறைமையின் உருவாகத் தோன்றும் இவை, தொடக்கத்தில் சந்தையிலும் பட்டறையிலும் கிடைத்த பொருள்களின் பெயர்களேயாகும். 1834இல் பிரெஞ்சு இரசாயனவியலாளரான டூமாவும் பெலிகோவும் மரத்தை வடித்துப் பெற்ற சாராயத்தை ஆராய்ந்தபோது, மது எனவும் மரம் எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைப் பொருத்தி ஆக்கிய பெயரே மெதைல் என்பதன் மூலம். ஈதரிலிருந்து எதைல் வந்தது. புரொப்பைல் என்பதில் ‘முதற் கொழுப்பு’ என்னும் பொருள் புதைந்துள்ளது. பியூற்றைல் என்பது வெண்ணெயைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. ‘ஐல்’ என்னும் விகுதிக்கு மூலமான கிரேக்கச் சொல் மரத்தையும், பின்னர் மெய்யியலாளர் வழக்கில் பருப்பொருளையும் குறித்தது. அற்கைல் என்பதன் முற்பகுதியோ அற்ககோல் வழியாக அரபு மொழியிலிருந்து வந்தது.

நீண்ட சங்கிலிகளின் வழக்குப் பெயர்களில் வணிகத்தின் சுவடு இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. பதினான்கு காபன்களைக் கொண்ட கூட்டத்தின் பெயரான மிரிசிற்றைல், சாதிக்காயின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்தது. பன்னிரு காபன்களைக் கொண்ட இலோரைல் மத்தியதரைக் கடற்கரை மரமொன்றின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆனால் அதற்குரிய கொழுப்பமிலம் நம் நாட்டில் எங்கும் கிடைக்கும் தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ அரைப்பங்காக உள்ளது. சாதிக்காயோ மாத்தளை மாவட்டத்தின் வாசனைத் திரவியப் பயிர்களுள் ஒன்று. விளைவது ஓரிடம், பெயர் பெறுவது வேறிடம். மூலப்பொருள் வெளியேறி முடிவுப்பொருள் திரும்பும் குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் போக்கை இப்பெயர்களும் பின்பற்றியுள்ளன. இன்று சவர்க்காரத் தூள் உறைகளிலும் பற்பசைக் குழாய்களிலும் அதே இலோரைல் சிறிய ஆங்கில எழுத்தில் நம்மிடம் திரும்பி வருகின்றது.

சந்தைப் பெயர்கள் முறைமைப் பெயர்களாக மாறியது தானாக நிகழ்ந்ததன்று. அம்மாற்றத்திற் பங்குகொண்டோருள் ஒருவர் கார்ல் சோர்லெம்மர் (1834–1892). மார்க்சினதும் எங்கெல்சினதும் நெருங்கிய நண்பரும் பொதுவுடைமையாளருமான இவர், மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் 1874இல் சேதன இரசாயனப் பேராசிரியரானார். அக்காலத்து ஆய்வாளர் சிலர் ‘எதைல் ஐதரைட்டு’ என்னும் வாயுவும் ‘இருமெதைல்’ என்னும் வாயுவும் வெவ்வேறானவை எனக் கருதினர். பெயர்கள் இரண்டாயிருந்தமையால் பொருள்களும் இரண்டாகத் தோன்றின. இரண்டும் ஒரே பொருளே என 1864இல் சோர்லெம்மர் சோதனை வழியாக நிறுவினார். அதுவே இன்று எதேன் எனப்படுவது. பெயர் பிழைபடின் அறிவும் பிழைபடும் என்பதற்கும், பெயரைத் திருத்துவது சொல்லாராய்ச்சி அன்றி நடைமுறையே என்பதற்கும் இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

சோர்லெம்மர் துறைபோகிய இத்தொடரையே எங்கெல்ஸ் தமது ‘டூரிங்கிற்கு மறுப்பு’ நூலில், அளவு மாற்றம் பண்பு மாற்றமாக ஆகும் என்னும் இயங்கியல் விதிக்கு எடுத்துக்காட்டாக்கினார். ஒரு காபனும் இரு ஐதரசனும் கொண்ட அலகு ஒவ்வொரு படியிலும் சேரச்சேர, பண்பிலே வேறான புதிய பொருள் தோன்றுகின்றது. 1883இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தின் மூன்றாம் பதிப்புக்கு அவர் எழுதிய அடிக்குறிப்பொன்றும் இதுபற்றியதே. இவ்வெடுத்துக்காட்டு நம்மிடையே வாய்பாடாகத் திரும்பத் திரும்பக் கூறப்படுவதாயிற்று. அதன் மறுபாதி பெரிதும் மறக்கப்பட்டது. பியூற்றைற் கூட்டம் நால்வகைப்படும். நான்கிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அமைப்பு மட்டுமே வேறு. நேர்ச்சங்கிலியுடைய பியூற்றைல் அற்ககோல் ஏறத்தாழ 118 பாகை செல்சியசிற் கொதிக்க, அதன் புடைவகை 82 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. அளவு மாறாதிருக்கவும் பண்பு மாறுகின்றது. உறுப்புகள் ஒன்றோடொன்று கொண்ட உறவுநிலையே இங்கு பண்பைத் தீர்மானிக்கின்றது. ‘இயற்கையின் இயங்கியல்’ குறிப்புகளில் எங்கெல்சும் இதனைக் கருத்திற் கொண்டிருந்தார். கூட்டல் கணக்காக இயங்கியலைச் சுருக்குவோர் பியூற்றைலின் முன் நின்று சிந்தித்தல் நன்று.

1892இல் ஜெனீவாவிற் கூடிய இரசாயனவியலாளர் முறைமைப் பெயரீட்டிற்கு அடித்தளமிட்டனர். 1919இல் நிறுவப்பட்ட தூய, பிரயோக இரசாயனவியற் சர்வதேச ஒன்றியம் அப்பணியைத் தொடர்ந்தது. இவ்வொன்றியம் 2013இல் வெளியிட்ட விதந்துரைகளிலும் புடை பியூற்றைல் என்னும் பழம் பெயர் தக்கவைக்கப்பட்டுள்ளது என்பது நோக்கத்தக்கது. முறைமை வழக்கை முற்றாக அழிப்பதில்லை. பயன்படுவதை வைத்துக்கொண்டே முன்னேறுகின்றது.

3

தமிழில் இவ்வறிவு நுழைந்த வரலாறு ஈழத்திலே தொடங்குகின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது முயற்சியில் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் வெளிவந்தது. இப்பெயரே அவரது முறைக்கு விளக்கமாகின்றது. பிறமொழிச் சொல்லொன்று தமிழ் விகுதியாகிய ‘அம்’ பெற்றுத் தமிழாகிவிட்டது.

1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோரின் முயற்சியால் அமைந்த தமிழ்ச் சாத்திரப் பரிபாடைச் சங்கமும், 1930களிற் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் மேற்கொண்ட சொல்லாக்கப் பணியும் அடுத்த கட்டங்களாகும். 1936இற் சென்னையில் நிகழ்ந்த சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர். பண்டிதரும் விஞ்ஞானம் கற்பித்தவருமாகிய அவரிடம் இரு மரபுகளும் ஒன்றுகூடியிருந்தன. இக்காலத்தில் ஈழமும் தமிழகமும் சொல்லாக்கத்திற் பிரிந்திருக்கவில்லை.

பிரிவு பின்னர் நேர்ந்தது. 1956இன் பின் இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழகத்திற் பாடநூல் நிறுவனங்கள் தமக்கென ஒரு வழக்கை வகுத்துக்கொண்டன. இரு அரசுகள், இரு பரீட்சைகள், இரு அட்டவணைகள் என்றாயிற்று. சேதன இரசாயனம் அங்கு கரிம வேதியியல். மூலிகம் அங்கு தனி உறுப்பு. சமபகுதியம் அங்கு மாற்றியம். கூட்டம் அங்கு தொகுதி. ஒரே மொழி பேசும் இரு மாணவர், ஒரே மூலக்கூற்றைப் பற்றி ஒருவரோடொருவர் உரையாட முடியாத நிலை தோன்றிற்று.

4

இவ்விரு வழக்குகளையும் மேற்கூறிய அளவுகோல் கொண்டு ஒப்புநோக்குவோம்.

முதலாவதாக, பெயர்களின் உறவு. தமிழகப் பாடநூல்களில் அற்கேன்கள் மீத்தேன், ஈத்தேன் எனவும், அவற்றின் கூட்டங்கள் மெத்தில், எத்தில் எனவும் வழங்கிவந்துள்ளன. அடுத்துவரும் கூட்டங்களோ புரோப்பைல், பியூட்டைல் என முடியும். ஆங்கில உச்சரிப்பைச் செவிவழி பின்பற்றியதன் விளைவு இது. மீத்தேனின் நெடில் மெத்திலிற் குறிலாகின்றது. ஒரே விகுதி ஓரிடத்தில் ‘இல்’ எனவும் பிறிதோரிடத்தில் ‘ஐல்’ எனவும் நிற்கின்றது. தாய்க்கும் சேய்க்குமுள்ள ஒற்றுமை எழுத்திலே தெரிவதில்லை. இலங்கை வழக்கோ மெதேன்–மெதைல், எதேன்–எதைல், பியூற்றேன்–பியூற்றைல் எனப் பகுதியையும் விகுதியையும் ஒருசீராகக் காக்கின்றது. காதுக்கு அயலாகத் தோன்றினும் அறிவுக்கு இதுவே நெருக்கமானது.

இரண்டாவதாக, எழுத்து மரபு. வடசொல்லை அதன் எழுத்தை விலக்கித் தமிழெழுத்தால் ஆக்கிக்கொள்ளுமாறு தொல்காப்பியர் வகுத்த நெறியை இலங்கைச் சொல்லாக்கக்காரர் ஐரோப்பியச் சொற்களுக்கும் விரித்தனர். ஐதரசன், காபன் ஆகியன அதன் பேறுகள். இதனை எள்ளி நகையாடுவோர் உளர், அது முறையன்று. கிரந்த எழுத்தறியாத சிறுவனும் தன் அரிச்சுவடி கொண்டே இவற்றை எழுதமுடியும் என்பது சனநாயகத் தன்மையுடையதொரு பண்பு. ஆயின், நெறியைப் பொருளறியாது நீட்டிய இடங்களும் உண்டு. அற்கைல் என்பதே அதற்கு எடுத்துக்காட்டு. லகரம் ககரத்தின் முன் றகரமாகத் திரிவது இரு சொற்கள் புணருமிடத்து நிகழ்வது. ஒரு சொல்லினுள் லகரத்தின் பின் ககரம் வருதலைத் தொல்காப்பியர் தடுக்கவில்லை. நல்கு, பல்கு என்பன நல்ல தமிழ்ச் சொற்களே. அல்கைல் என எழுதியிருப்பின் இலக்கணம் கெட்டிராது. அற்ககோலுக்கும் அதிலிருந்து ஐதரசன் நீங்கப் பிறக்கும் அல்டிகைட்டுக்கும் உள்ள உறவும் எழுத்திற் புலப்பட்டிருக்கும்.

அற்கைற் கூட்டம், ஐதரொட்சிற் கூட்டம் என்றவாறு விகுதியின் இறுதி லகரத்தையும் திரித்தெழுதும் வழக்கு இதனினும் பொருந்தாதது. அவ்விகுதியே கூட்டத்தை அடையாளங்காட்டும் குறி. அக்குறியையே புணர்ச்சி விழுங்கிவிடுகின்றது. இக்கட்டுரையும் நிலவும் வழக்கையே பின்பற்றியுள்ளது. எனினும், எதிர்காலப் பாடநூல்கள் இரசாயன விகுதிகளைப் புணர்ச்சியினின்று விலக்கி எழுதுதல் வேண்டும் என்பதே நமது கருத்து.

மூன்றாவதாக, உறவைக் குறிக்கும் சொற்கள். இங்கு மொழிபெயர்ப்பே வழி, ஒலிபெயர்ப்பு உதவாது. ஒரு காபன் அணு எத்தனை காபன்களோடு இணைந்துள்ளது என்பதைக் காட்ட இலங்கைப் பாடநூல்கள் முதல், வழி, புடை என்னும் சொற்களைக் கொண்டன. நூல்களை முதல், வழி, சார்பு எனப் பகுத்துச் சார்பினைப் புடைநூல் எனவும் கூறும் இலக்கண மரபின் எதிரொலி இது. எழுத்தழகும் மரபு வலிமையும் இச்சொற்களுக்கு உண்டு. ஆயினும், இவை தவறான உறவைச் சுட்டுகின்றன. வழிநூல் முதனூலிலிருந்து பிறப்பது. வழி அற்ககோலோ முதல் அற்ககோலிலிருந்து பிறப்பதன்று. இரண்டும் அமைப்பால் வேறுபட்ட சமநிலை வகைகள். தமிழக வழக்கான ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய என்னும் சொற்கள் இணைப்புகளின் எண்ணிக்கையை நேரே கூறிவிடுகின்றன. மூவிணைய பியூட்டைல் என்றதும் மாணவன் நடுக்காபனைச் சூழ்ந்த மூன்று காபன்களையும் மனத்திற் காண்கின்றான். மரபின் கவர்ச்சி பொருளின் உண்மையை மறைக்கும் இடத்து மரபை விட்டுக்கொடுப்பதே விஞ்ஞான நோக்கு.

மறுதலையாக, எங்கெல்ஸ் எடுத்துக்காட்டிய அத்தொடருக்கு இலங்கையில் வழங்கும் அமைப்பொத்த தொடர் என்னும் பெயர் ஒற்றுமையைக் கூறுகின்றது. தமிழகத்தின் படிவரிசை என்பதோ படிப்படியான வளர்ச்சியைக் கூறுகின்றது. ஒன்று நிலையைக் காண, மற்றது இயக்கத்தைக் காண்கின்றது. அத்தொடரின் உயிர் இயக்கத்திலேயே உள்ளது. எனவே, தனிப்பெயர்களில் இலங்கை வழக்கும் உறவுச் சொற்களில் தமிழக வழக்கும் மேம்பட்டன எனல் தகும். இது இரு தரப்பாரையும் திருப்தி செய்வதற்காகக் கூறப்படும் சமரசம் அன்று. மேற்கொண்ட அளவுகோலின் விளைவு.

5

இனி, இப்பெயர்கள் எவருக்காக என்னும் வினாவுக்கு வருவோம். அதற்கு மாத்தளை மாவட்டம் தக்க களமாகும். கோப்பிக் காலத்திற் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்த தொழிலாளர் மலைநாட்டிற் புகுந்த வாயில் இதுவே. கோப்பி அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வாசனைத் திரவியங்களும் இங்கு பயிராயின.

அத்தொழிலாளர் ஏட்டுக்கல்வி இன்றியே சொல்லாக்கம் செய்தவர்கள். ஆங்கில அதிகாரத்தின் சொற்கள் அவர்கள் நாவில் லயம், பெரட்டு, செக்ரோல் என உருமாறின. தொல்காப்பியர் விதியைக் கல்லாதவர் அவ்விதி வழியே நடந்தனர். மலரன்பன், மாத்தளை வடிவேலன் முதலியோர் தோட்ட வாழ்வைச் சிறுகதையாக்கியபோது மலையக மக்களின் மொழி இலக்கியத் தகுதி பெற்றது. கடன்சொல் உழைக்கும் மக்களுக்கு விளங்காது என்னும் தூய்மைவாதியின் வாதத்தை இவ்வரலாறு மறுக்கின்றது. லயம் என்பதை ஆக்கிக்கொண்டவரின் பேரப்பிள்ளைக்கு எதைல் அயற்சொல்லாக இருக்கவேண்டிய அவசியமில்லை. அயலாக இருப்பது அச்சொல்லைக் கற்கும் வகுப்பறையே.

இறப்பர்த் தோட்டங்களிற் பாலை உறையச் செய்ய ஊற்றப்படும் போமிக்கமிலம், எங்கெல்ஸ் காட்டிய அமில வரிசையின் முதல் உறுப்பு. அதனை அன்றாடம் கையாளும் தொழிலாளிக்கு அதன் எரிவு தெரியும். அதன் உறவுகள் தெரியா. அதே அமிலம் வேறொரு வழியாலும் அவனை வந்தடைகின்றது. கள்ளச் சாராயத்தில் எதைல் அற்ககோலோடு மெதைல் அற்ககோல் கலக்குமாயின், உடலினுள் அது போமிக்கமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கி உயிரையும் பறிக்கின்றது. இரண்டும் நிறமற்ற திரவங்கள். இரண்டிற்கும் இடையே உள்ளது ஒரு காபனும் இரு ஐதரசனும் கொண்ட ஓர் அலகு மட்டுமே. 2024 சூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயத்தால் 60இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் கூலித் தொழிலாளர். வறுமையும் சட்டவிரோத வணிகமும் அதிகாரத்தின் அலட்சியமுமே அத்தகைய மரணங்களுக்கு மூலகாரணம். கலைச்சொல் அறிவு மட்டும் அவர்களைக் காத்திருக்கும் என்று கூறுவது பேதைமை. ஆயினும், மெதைலுக்கும் எதைலுக்கும் உள்ள வேறுபாடு பரீட்சை வினாவொன்றின் அளவில் முடிந்துவிடுவதன்று என்பதை அது உணர்த்துகின்றது.

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையிற் சமையல் எரிவாயு வெடிப்புகள் தொடர்ந்து நிகழ்ந்தபோது, புரொப்பேன்–பியூற்றேன் கலவை விகிதத்தின் மாற்றமே காரணமென அதனை ஆராயச் சனாதிபதி நியமித்த குழு கூறிற்று. பாடநூலின் இரு சொற்கள் ஒரே கிழமையில் நாட்டின் எல்லா அடுக்களைகளுக்கும் உரியனவாயின. தம் வீட்டுச் சிலிண்டரில் உள்ளது எதுவென வினவும் உரிமை, அப்பொருளின் பெயரை அறிவதிலிருந்தே தொடங்குகின்றது.

அவ்வறிவைத் தரவேண்டிய அமைப்பின் நிலை யாது? 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனையும் பெறவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரை நாட்டின் பிரசைகள் என்ற நிலையிலிருந்தே விலக்கிற்று. 1970களிலேயே அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கலாயிற்று. இன்றும் உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவைப் பகுதித் தோட்டப் பிள்ளை உயர்தர விஞ்ஞானப் பிரிவில் தமிழிற் பயில விரும்பின், நகரப் பாடசாலையை நாடியே செல்லவேண்டும். ஆய்வுகூடமும் ஆசிரியரும் அங்கேயே குவிந்துள்ளன. 2001 முதல் உயர்தர விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் கற்கும் வாய்ப்பு மீண்டும் ஏற்படுத்தப்பட்டது. வசதியுடைய நடுத்தர வர்க்கம் அவ்வழியே செல்லும்போது, தமிழ் அட்டவணையை நம்பி நிற்போர் பெரிதும் கிராமத்தவரும் தோட்டத்தவருமே. இந்நிலையில் அட்டவணையின் குறைபாடு அவர்கள் தலைமீதே வீழ்கின்றது. பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களிற் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்வதால், முதல், வழி, புடை எனக் கற்றுவந்தவர் வாயிலிலேயே அவற்றைக் களைந்துவிட்டு உட்புக வேண்டியவராகின்றார்.

6

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படுகின்றன. தனிக் கூட்டங்களின் பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே கொண்டு, பகுதியும் விகுதியும் எங்கும் ஒருசீராகத் தோன்றுமாறு எழுதுதல் வேண்டும். உறவைக் குறிக்கும் சொற்களைத் தமிழிலேயே ஆக்கி, அவை மரபுக்கு அன்றிப் பொருளமைப்புக்கு உண்மையாயிருக்கின்றனவா என நோக்குதல் வேண்டும். இலங்கை, தமிழக அட்டவணைகளை அருகருகே வைத்து ஒரு பொது வழக்கை உருவாக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இரசாயனவியற் துறையினரும் இணைந்து தொடங்கலாம். 1936இற் கூடிய மாநாடு அதற்கு முன்மாதிரியாகும்.

இவற்றினும் அடிப்படையானது வேறொன்று. மாத்தளை நகருக்கு அருகே அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டிற் பிக்குகள் பௌத்தத் திரிபிடகத்தை வாய்மொழி மரபிலிருந்து ஏட்டில் எழுதினர் என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவோரை அழித்த காலத்தில், அறிவைக் காக்க அவர்கள் கண்ட வழி அது. எழுத்தேற்றம் அறிவைக் காத்தது. ஆயின் அவ்வறிவு ஏடு படிக்கத் தெரிந்தோரின் உடைமையாகவே பன்னூற்றாண்டுகள் இருந்தது. நமது கலைச்சொற் தொகுதிகளும் இன்று அந்நிலையிலேயே உள்ளன. செம்மையான பெயர் ஆக்கப்படுவது பணியின் முற்பாதி மட்டுமே. இரத்தோட்டையிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் ஆய்வுகூடமொன்று திறக்கப்பட்டு, இறப்பர்ப் பால் உறைவதையும் சாதிக்காயின் கொழுப்பையும் முன்வைத்து அப்பெயர்கள் கற்பிக்கப்படுவதே அதன் பிற்பாதி. அப்பாதியைக் கோருவது இரசாயனவியலாளரின் கடமை மட்டுமன்று. மொழியைப் பற்றிப் பேசும் நம் அனைவரதும் கடமையாகும்.